எம்.எம்.பி.ஐ-ஏ ஆளுமைச் சோதனை: கூர்நோக்கு இல்லத்தில் பயன்படுத்திய அனுபவத்தில் ஒரு மதிப்புரை

16 வயது நிரம்பிய சிறுவன் ஒருவன் கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்ற வழக்கில் பிடிபட்டால், அவனைச் சிறுவனாகவே விசாரிப்பதா, வயது வந்தவனைப்போல் விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று இளைஞர் நீதிக் குழுமம் முடிவெடுக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அப்படித்தான் வகுத்திருக்கிறது. அந்த முடிவுக்கு முன் குழுமத்திலிருந்து மருத்துவ உளவியலாளருக்கு ஒரு கடிதம் வரும். தென்மாவட்டம் ஒன்றில் அத்தகைய கடிதங்களைப் பெற்று, விசாரணை நடக்கும் காலத்தில் சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போய், சிறுவர்களோடு உட்கார்ந்து பேசி, அறிக்கை எழுதித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. நான் எடுத்துப்போகும் கருவிகளில் ஒன்று எம்.எம்.பி.ஐ-ஏ (மினசோட்டா பல்முக ஆளுமைச் சோதனையின் பதின்பருவத்தினருக்கான வடிவம்) என்னும் ஆளுமைச் சோதனை. உளவியல் படிக்கும் மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் நன்னடத்தை அலுவலர்களும் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக, ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தியவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுவனுக்கு எங்கே வலிக்கிறது, யார் எப்படி உதவலாம் என்று கண்டறிய இது நல்ல கருவி. அவனை வயது வந்தவனாக விசாரிக்கலாமா என்ற கேள்விக்கு இதிலிருந்து விடை எடுப்பது தவறு. அப்படி எடுத்த விடைகளை வழக்குக் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்திருக்கிறது.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். மினசோட்டா பல்கலைக்கழக அச்சகம் 1992-இல் வெளியிட்ட சோதனை இது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. மொத்தம் 478 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'உண்மை', 'பொய்' என்று இரண்டே விடைகள். ஆறாம், ஏழாம் வகுப்பு ஆங்கிலம் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். விடைகளைக் கூட்டினால் பல அளவுகோல்களில் மதிப்பெண் கிடைக்கும். சராசரி 50, 65-ஐ எட்டினால் கவனிக்க வேண்டியது, 60 முதல் 64 வரை இரண்டும் கெட்டான் பகுதி. வாக்கியங்களை இங்கே எடுத்து எழுதமாட்டேன். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும். அதன் பாதிப்பும் சிறுவர்களுக்குத்தான்.

குற்றத்தில் சிக்கிய சிறுவர்களுக்கு இதைப் பயன்படுத்துவதற்கு ஒரு வரலாறு உண்டு. ஹாத்தவே என்ற உளவியலாளரும் மெக்கின்லி என்ற நரம்பு மனநல மருத்துவரும் 1943-இல் வெளியிட்ட மூலச் சோதனை பெரியவர்களுக்கானது. ஆனால் ஹாத்தவே அதோடு நிற்கவில்லை. மொனாக்கெசி என்ற சமூகவியலாளரோடு சேர்ந்து 1947-48-இல் மினியாபொலிஸ் நகரத்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கும், 1954-இல் மாநிலத்தின் மற்ற ஊர்களின் மாணவர்களுக்கும் இந்தச் சோதனையைக் கொடுத்தார். ஏறத்தாழ 15,000 பிள்ளைகள். பிறகு போலீஸ், நீதிமன்றப் பதிவுகளில் அவர்களின் பெயர்கள் வருகின்றனவா என்று ஆண்டுக்கணக்கில் தேடிப் பார்த்தார்கள். இந்தச் சோதனையின் அடிப்படை அளவுகோல்களை எண்களாலேயே அழைப்போம். 4 (விதிகளோடும் அதிகாரத்தோடும் மோதல்), 8 (விசித்திரமான எண்ணங்கள், விலகிய உணர்வு), 9 (மட்டுமீறிய துடிப்பு) என்ற அளவுகோல்களில் உயர்ந்திருந்தவர்களிடையே சட்டச் சிக்கல் அதிகமாகவும், 0 (கூச்சம், ஒதுங்குதல்), 2 (மனச்சோர்வு), 5 (ஆண், பெண் சார்ந்த ஆர்வங்கள்) உயர்ந்திருந்தவர்களிடையே குறைவாகவும் இருந்தது. குற்றம் நடந்த பிறகு சோதித்தால், குற்றத்தின் காரணத்தையும் காவலின் விளைவையும் பிரித்தறிய முடியாது. இவர்கள் முன்கூட்டியே சோதித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமையின்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் அந்த ஆய்வு சொன்னது கூட்டத்தைப் பற்றி. நான்காம் அளவுகோல் உயர்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் எந்த வழக்கிலும் சிக்காமல் வளர்ந்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தினார்கள். என் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவன் எந்தப் பக்கம் என்று அந்த எண் சொல்லாது.

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தன்னையே சந்தேகித்துக்கொள்ளும் அமைப்பு. ஒரே கருத்தைச் சற்றே மாற்றிக் கேட்கும் வாக்கிய இணைகள் உள்ளே சிதறிக் கிடக்கின்றன. முன்னுக்குப்பின் முரணாகப் பதில் சொன்னால் ஓர் எண் உயரும். கேட்டதற்கெல்லாம் 'உண்மை' என்று தலையாட்டினால் வேறோர் எண் காட்டிக்கொடுக்கும். தன்னை நல்லவனாகக் காட்ட முயல்வதற்கு ஒன்று, துன்பத்தைக் கூட்டிச் சொல்வதற்கு ஒன்று. அதிலும் முற்பாதிக்குத் தனி, பிற்பாதிக்குத் தனி என்று பிரித்திருக்கிறார்கள். சிறுவன் எந்த இடத்தில் சோர்ந்துபோனான் என்று தெரிந்துகொள்ளலாம். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வாக்கியங்களுக்குப் பதில் இல்லையென்றால் முடிவுகளை வாசிக்கவே கூடாது.

இளைஞர்களுக்கென்றே சேர்க்கப்பட்ட அளவுகோல்களும் நல்லவை. பள்ளிச் சிக்கல், குடும்பச் சிக்கல், கோபம், தன்னம்பிக்கைக் குறைவு, போதைப் பழக்கத்தை ஒப்புக்கொள்ளும் மனநிலை, உதவியை ஏற்க மறுக்கும் மனநிலை என்று தனித்தனியாக இருக்கின்றன. வாயைத் திறக்காத பையன்கள் உண்டு. எதைக் கேட்டாலும் 'ஒன்றும் இல்லை மேடம்' என்று தரையைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட சிறுவன் தாளில் மனச்சோர்வு அளவுகோலை மேலே ஏற்றிவைத்திருப்பதைக் கண்டு, அன்றே இல்லக் கண்காணிப்பாளரிடம் பேசி, இரவில் அவனைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவே கருவியைக் கைவிட மனமில்லை.

இனி மேசைக்கு வருவோம். கூர்நோக்கு இல்லத்தில் தனியறை கிடைப்பது அரிது. பெரும்பாலும் அலுவலகத்தின் ஒரு மூலை, ஆடும் மேசை, திறந்த கதவு, பக்கத்தில் காவலர். முதல் சில வாக்கியங்களைக் கடந்ததுமே சிறுவன் தலைநிமிர்ந்து கேட்பான்: "இதில் எது சரியான பதில், மேடம்?" அவனுக்குத் தெரிந்த தேர்வுகள் எல்லாமே சரி, தவறு போடும் தேர்வுகள், அதிலும் பலமுறை தோற்றவன். இப்போது இந்தத் தாளில் 'தவறு' வந்தால் சிறைக்குப் போவோம் என்று நினைக்கிறான். சரியான பதில் என்று எதுவும் இல்லை என எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லை. நம்பாமல் இருப்பதற்கு அவனிடம் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தாள் உண்மையிலேயே குழுமத்தின் கோப்புக்குள் போகப்போகிறது. நான் சிகிச்சைக்காகக் கேட்கவில்லை, என் அறிக்கை நீதிக்குழுமத்துக்குப் போகும் என்பதை முதலிலேயே அவனிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் சோதிப்பது அநியாயம்.

பாதி வழியில் அலுப்பு வந்துவிடும். பென்சில் முனையைக் கவனித்தாலே தெரியும். படித்துவிட்டுக் கட்டத்தை நிரப்புகிறவனின் கை நின்று நின்று போகும். படிப்பதை விட்டுவிட்டவனின் கை ஒரே சீராக இறங்கும், உண்மை, பொய், உண்மை, பொய் என்று மாறி மாறி. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு டீ வாங்கிக் கொடுத்து, மறுநாள் தொடர்வதுதான் முறை. முதல் 350 வாக்கியங்கள் முடிந்தாலே அடிப்படை அளவுகோல்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பது இந்தச் சோதனையின் வசதிகளில் ஒன்று. அதற்கும் மேல் ஒரே அமர்வில் இழுத்துப் பிடித்து முடிக்க வைப்பதால் யாருக்கும் பயன் இல்லை.

மொழிதான் பெரிய முட்டுக்கட்டை. எட்டாம் வகுப்போடு நின்ற பையனுக்கு ஆங்கிலக் கேள்வித்தாளைக் கொடுக்க முடியாது. சோதிப்பவர் வாக்கியத்தைப் படித்து, அந்த நேரத்தில் தோன்றிய தமிழில் சொல்லி, பதிலைத் தானே குறித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எதிர்மறை வாக்கியம் வரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 'எனக்கு மழை பிடிக்காது' என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனையில் இல்லாத, நானே சொல்லும் எடுத்துக்காட்டு இது. சிறுவன் "இல்லை" என்கிறான். மழை பிடிக்காது என்று ஒத்துக்கொள்கிறானா, வாக்கியத்தையே மறுக்கிறானா? நிறுத்திக் கேட்காமல் கட்டத்தை நிரப்பினால், எதிர்ப்பதமான விடை பதிவாகிவிடும். 478 வாக்கியங்களில் இது பலமுறை நடந்தால் கிடைக்கும் வரைபடம் அந்தச் சிறுவனுடையதே அல்ல. யார் மொழிபெயர்த்தது, திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்தார்களா, நம் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்களா என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாத தமிழ்த் தாளில் வரும் மதிப்பெண்ணை நான் எண்ணாக எழுதுவதில்லை. அதில் தெரிந்ததைப் பேச்சுக்கான தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒப்பிடும் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சராசரி 50 என்றேனே, அது யாருடைய சராசரி? 1980-களில் அமெரிக்காவின் எட்டு மாநிலப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த 805 பையன்கள், 815 பெண்கள். அவர்களின் பெற்றோரின் கல்வித் தகுதி அந்நாட்டுச் சராசரியைவிடவே உயர்வு என்பது அங்குள்ள ஆய்வாளர்களே ஒப்புக்கொண்ட குறை. 2016-இல் 241 வாக்கியங்களாகச் சுருக்கிய புதிய வடிவம் வந்தது. நீளம் குறைந்தது பெரிய நிம்மதி, ஆனால் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டது பழைய பிள்ளைகளையே. படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கோ மீன்பிடித் துறைமுகத்துக்கோ வேலைக்குப் போன நம் ஊர்ப் பையனை அவர்களோடு நிறுத்தி உயரம் பார்க்கிறோம்.

என்னைக் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இளஞ்சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆகவே ஒரு தனி வழக்கை விவரிக்காமல், நான் பார்த்த அறிக்கைகளின் பொதுச்சாயலை மட்டும் சொல்கிறேன். ஒரு பக்க அறிக்கை. நான்காம் அளவுகோல் உயர்வு. கீழே ஒரே வரி: சமூக விரோத ஆளுமை, திருந்தும் வாய்ப்புக் குறைவு. கையெழுத்து, முத்திரை. நான்காம் அளவுகோலுக்குள் துணைப் பிரிவுகள் இருக்கின்றன. வீட்டில் சண்டை, அதிகாரத்தோடு மோதல், பிறரிடமிருந்து விலகிய உணர்வு, தன்மீதே வெறுப்பு என்று தனித்தனியாகப் பார்க்கலாம். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார், பள்ளியில் பெயர் நீக்கப்பட்டது, இப்போது போலீஸ் பிடித்துவைத்திருக்கிறது என்ற நிலையில் இருக்கும் பையன், உண்மையைச் சொன்னாலே அந்த அளவுகோல் ஏறும். வீட்டுச் சண்டை என்ற துணைப் பிரிவு மட்டும் உச்சத்தில் நின்று, மற்றவை சராசரியில் கிடக்கும் தாள்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அடிபட்டதைச் சொன்ன பிள்ளைக்கு அதையே குற்றச்சாட்டாக்கித் திருப்பிக் கொடுக்கிறோம்.

அதோடு, சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற நோய்ப்பெயரை 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குத் தரவே கூடாது என்பது மனநல மருத்துவத்தின் வகைப்பாட்டு விதி. 2005-இல் சிறாருக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்த ரோப்பர் எதிர் சிமன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விதியையே சுட்டிக்காட்டியது. வயதின் முதிர்ச்சியின்மையால் நடந்த குற்றத்தையும் திருத்தவே முடியாத மனத்தால் நடந்த குற்றத்தையும் பிரித்தறிவது கைதேர்ந்த உளவியலாளருக்கே கடினம் என்றது. சோதனை பிறந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்ன பிறகு, இங்கே ஒரு பக்கத் தாளில் 'திருந்தமாட்டான்' என்று எழுத நமக்கு எங்கிருந்து துணிவு வருகிறது?

டெரி மாஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் எல்லாரும் படிக்கிறோம். குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் நீளும் சிறு கூட்டம் ஒன்று. பதின்பருவத்தில் மட்டும் சட்டத்தை மீறிவிட்டு, வயது ஏறியதும் தானே நின்றுவிடும் பெருங்கூட்டம் ஒன்று. 16 வயதில் இரண்டு கூட்டமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். பிரித்தறிய வேண்டுமானால் அவன் ஆறு வயதில் எப்படி இருந்தான் என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடமும் போய்க் கேட்க வேண்டும். அந்த வேலையை எந்தக் கேள்வித்தாளும் செய்து தராது. நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை கவனமாக எழுதப்பட்டிருந்தால், என் சோதனைத் தாளைவிட அதற்கே நான் கூடுதல் எடை தருவேன்.

முதல்நிலை மதிப்பீடு என்ற பெயரில் 15-ஆவது பிரிவு கேட்பது என்ன? அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்ற மூன்றும்தான். இது விசாரணை அல்ல என்றும் சட்டமே விளக்கம் தருகிறது. எம்.எம்.பி.ஐ-ஏ இந்த மூன்றில் எதையும் அளக்க உருவானதல்ல. அது இன்றைய மனநிலையைக் கேட்கிறது. சட்டம் குற்றம் நடந்த நாளின் மனநிலையைக் கேட்கிறது. இடையில் கைது, லாக்கப், இல்லத்து இரவுகள், நண்பர்கள் கைவிட்ட செய்தி எல்லாம் வந்துபோயிருக்கின்றன. முதிர்ச்சியின்மைக்கென்று 43 வாக்கியங்கள் கொண்ட துணை அளவுகோல் ஒன்று இதில் இருக்கிறது. அதைக் காட்டி 'முதிர்ந்தவன்' என்றோ 'முதிராதவன்' என்றோ வாதாடுவதையும் நான் ஏற்பதில்லை. சிறுவனுக்குச் சாதகமாக இருந்தாலும்கூட.

நுண்ணறிவுச் சோதனையிலும் இதே கோளாறு நடந்திருக்கிறது. 2017-இல் குருகிராம் பள்ளியில் நடந்த கொலை வழக்கில், முதல்நிலை மதிப்பீட்டுக்காகச் சிறுவனின் நுண்ணறிவு ஈவு 95 என்று அறிக்கை தரப்பட்டது. அந்த மதிப்பீடு போதாது, மீண்டும் செய்ய வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 13 அன்று உறுதிசெய்தது. குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்துப் பணியாற்றுபவர் குழுமத்தில் இல்லையென்றால் நிபுணர் உதவியைப் பெறுவது கட்டாயம் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நிபுணரை அழைப்பது கட்டாயமாகிவிட்டது, நல்லது. அழைக்கப்பட்ட நிபுணர் எந்தக் கருவியைக் கொண்டுவருகிறார் என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. கிரிசோவும் பார்னமும் உருவாக்கிய மேசி-2 என்ற 52 கேள்விகள் கொண்ட சோதனை, இல்லத்துக்குள் நுழையும் அன்றே பத்து நிமிடத்தில் தற்கொலை எண்ணம், போதை, கோபம் ஆகியவற்றைக் கண்டுகொள்ள உதவுவது. அதற்குமேல் எதையும் அது கோருவதில்லை, அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஜெஸ்னஸ் சோதனை 1960-களில் கலிபோர்னியாவில் குற்றத்தில் சிக்கிய சிறுவர்களை வைத்தே உருவானது. நம் ஊரில் கிடைப்பது கடினம். சைக்கோபதியை, அதாவது இரக்கமோ குற்றவுணர்வோ இல்லாத ஆளுமையை, 40 மதிப்பெண்ணுக்கு அளக்கும் 2003-ஆம் ஆண்டு இளைஞர் பட்டியலை என் பையில் நான் வைப்பதே இல்லை. அந்த ஒரு சொல் கோப்பில் ஏறிவிட்டால், பிறகு யாரும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நகலெடுத்த கேள்வித்தாள்கள் கைமாறிச் சுற்றுகின்றன. அச்சு மங்கி, வாக்கியங்கள் விட்டுப்போய், எந்தப் பதிப்பு என்றே தெரியாத தாள்கள் அவை. அதை வைத்து ஒரு சிறுவனின் வழக்கில் அறிக்கை தருவது பதிப்புரிமைச் சட்டத்துக்கு மட்டுமல்ல, அவனுக்கும் செய்யும் துரோகம். கணினி தானே எழுதித் தரும் விளக்க அறிக்கையை அப்படியே ஒட்டிக் கையெழுத்திடுவதும் அதே வகை. மருத்துவமனையில் பதின்பருவத்தினருக்குச் சிகிச்சை தருபவர், ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளோடு வேலை செய்பவர், மேற்பார்வையின் கீழ் முறையாகக் கற்றவர் தாராளமாக வாங்கலாம். கொடுத்த காசுக்குப் பயன் உண்டு. முதல்நிலை மதிப்பீட்டுக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் சிறுவனின் ஊருக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போய்வாருங்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து இந்த வழக்குகளுக்கு வரும் வழக்கறிஞர்களே, இத்தகைய அறிக்கை கோப்பில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். எந்தப் பதிப்பு? எந்த மொழியில் நடந்தது, யார் படித்துச் சொன்னது? எத்தனை வாக்கியங்களுக்குப் பதில் இல்லை? முரண்பாட்டு அளவுகோலின் எண் என்ன? நான்காம் அளவுகோலின் துணைப் பிரிவுகள் எங்கே? இல்லத்துக்கு வந்த எத்தனையாவது நாளில் சோதித்தார்கள்? முதல்முறை ஆஜர்படுத்திய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மதிப்பீட்டை முடிக்கச் சட்டம் அவகாசம் தருகிறது; வந்த வாரத்திலேயே, தூக்கமும் சாப்பாடும் சீராகாத பிள்ளையை உட்காரவைத்துச் சோதிக்க எந்த அவசரமும் இல்லை. விடைத்தாளையும் வரைபடத்தையும் வேறொரு தகுதியான உளவியலாளர் பார்வையிட அனுமதி கேட்டு மனுப் போடுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் காட்டத் தயங்கமாட்டார். என் அறிக்கைகளுக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். விடைத்தாள்களைத் தேதியிட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.